காலர் அழுக்கு

ஊரார் படுத்துப் புரண்ட விரிப்புகளை நாளெல்லாம் ஆள் உயர மெஷின்களில் போட்டு எடுக்கிறவள், வீடு திரும்பியதும் கல்லின் முன்னால் குனிந்து கையால் துணி துவைக்கிறாள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? லாட்ஜின் சலவைப் பகுதியில் கூட வேலை பார்ப்பவர்கள் வாய்விட்டே சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து சோப்புத் தண்ணீர் பட்டவுடன் சுரீர் என்று எரியும்போது மட்டும் அந்தச் சிரிப்பு எங்கே போகுமோ தெரியாது.

அங்கே அவளுக்குக் காலரம்மா என்று பெயர். தங்க வருகிறவர்களின் துணி முதலில் அவள் கைக்குத்தான் வரும். பையைத் துழாவுவாள், காலரைத் திருப்பி வெளிச்சத்தில் பிடிப்பாள். இது ஒரு நாள் போட்டது, இது ரெண்டு நாள், இது கழுத்து குட்டையானவர், இது தலைக்கு எண்ணெய் வைக்கிறவர் என்று சொல்லிக்கொண்டே பிரித்துப் போடுவாள். ஒருமுறை இரண்டு அறைக்காரர்களின் வெள்ளைச் சட்டைகள் கலந்துபோய் மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது, காலரைப் பார்த்தே பிரித்து அடுக்கிவிட்டாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆளின் முகத்தை மறந்தாலும் அழுக்கை மறக்காதவள் என்று இஸ்திரி போடுகிறவர் கேலி செய்வார்.

கையைப் பார்த்த மருத்துவர் கடைசியில் கண்டித்துச் சொல்லிவிட்டார். சோப்புத் தண்ணீரில் இனிக் கையை வைக்கக் கூடாது. அதனால்தான் ஒரு நாள் காலையில் மூவருமாகக் கடைக்குப் போனார்கள். அவள், அவள் கணவன், அப்புறம் கூப்பிடாமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்ட மாமியார்.

கடையில் மெஷின்கள் வரிசையாக நின்றன. மேலே மூடி வைத்தவை ஒரு பக்கம், முன்னால் கண்ணாடிக் கதவு வைத்தவை மறுபக்கம். விற்பனையாளர் நல்ல வாய்க்காரர்.

"மேல மூடி வச்சதுல ஒரு வசதிங்க. ஒரு துணிய மறந்துட்டீங்கன்னா நடுவுல திறந்து போட்டுக்கலாம். கதவு வச்சது அப்படியில்ல. நல்லாத் துவைக்கும், தண்ணியும் கம்மி. ஆனா பூட்டிக்கிச்சுன்னா, சுத்தி முடிக்கிறவரைக்கும் நீங்க தலைகீழா நின்னாலும் திறக்காது."

"மேல மூடி வச்சதே போதும்," என்றான் கணவன். குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுகிற வேலை அவனுக்கு. இரவு டியூட்டி முடித்து நேராக வந்திருந்தான், கண் சிவந்திருந்தது. "மறந்துட்டா திறந்துக்கலாம்ல."

மாமியார் மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா, மூடினப்புறம் உள்ள துணி தெரியுமா?"

"தெரியாதும்மா. அது பாட்டுக்கு வேலை செய்யும்."

"அப்போ இது வேணாம்."

"துணி சுத்தறத டிவி மாதிரி பார்க்கப் போறியா?" என்று மகன் கேட்டான்.

"பார்ப்பேன்டா. என் புள்ள சட்டைய ஒரு பெட்டிக்குள்ள போட்டு மூடிட்டு நான் வெளிய உட்கார்ந்திருக்க மாட்டேன்."

அவன் முகம் செத்துப்போயிற்று. அதன் பிறகு எது வேண்டுமானாலும் எடுங்கள் என்பதுபோல வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான். இரவு முழுக்கத் தூங்காதவன், அதனால்தான் என்று அவள் நினைத்தாள். கண்ணாடிக் கதவு வைத்த மெஷின் வீட்டுக்கு வந்தது இப்படித்தான்.

மாமியார் சொன்ன புள்ள, சின்னவன். அவளுடைய கொழுந்தன். பெயிண்ட் அடிக்கிற வேலை. பெயிண்ட் வாடைக்கு மாற்றாக வாயில் எந்நேரமும் ஒரு புளிப்பு மிட்டாய் இருக்கும், "அண்ணி, நாக்கப் பாருங்க, என்ன கலரு?" என்று நாக்கை நீட்டிக் காட்டுவான். பெயிண்ட் அப்பிய அவன் சட்டைகளைத் தேய்த்துத்தான் அவள் கை முதன்முதலில் வெடித்தது. ஒரு நாள் வலி பொறுக்காமல் கணவனிடம் முனகினாள். அவன் மறுநாள் காலையில் தம்பியிடம், "இனிமே உன் துணியத் துவைக்க என் பொண்டாட்டிகிட்ட போடாத. அவ என்ன உனக்கு வேலைக்காரியா?" என்று கேட்டுவிட்டான். சின்னவன் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சட்டைகளில் ஒன்றை மட்டும் உருவி மாட்டிக்கொண்டு போனான். வரவே இல்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. போலீசில் சொன்னார்கள், தெரிந்த இடமெல்லாம் விசாரித்தார்கள். ஒரு தடவை வேற்றூரிலிருந்து ஒரு பிணத்தை அடையாளம் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். கணவன் போய்விட்டு வந்து, "அது வேற யாரோ" என்றான். அன்றைக்கு வீடே மூச்சு விட்டது. அவன் எங்கோ இருக்கிறான், கோபம் தணிந்தால் வருவான். இந்த ஒரு நம்பிக்கையில்தான் மாமியாரின் உயிர் ஓடுகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அவளுடைய உயிரும் அதில்தான் ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. தன் முனகலால் ஒரு ஆள் இல்லாமல் போனான் என்று ஆகிவிட்டால் அப்புறம் அவள் எந்த முகத்தோடு அந்த வீட்டில் சோறு போடுவாள்?

சின்னவன் விட்டுப்போன சட்டைகள் மூன்று. கட்டம் போட்டது ஒன்று, நீலம் ஒன்று, இன்னொன்று வெளிர் நிறத்தில், வலது தோளில் பச்சைப் பெயிண்ட் சொட்டுச் சொட்டாக விழுந்து காய்ந்தது. மாமியார் வாராவாரம் அவற்றைத் தன் கையாலேயே துவைத்துக் காயவைத்து, சின்னவன் அறை அலமாரியில் மாட்டிவைப்பாள். யாரையும் தொட விடமாட்டாள். போட ஆளில்லாத சட்டைகள் கொடியில் ஆடுவதைப் பார்த்து அக்கம்பக்கத்தவர்கள் முதலில் பேசினார்கள், பிறகு அதுவும் பழகிப்போயிற்று. இப்போது இடுப்பு வலியால் குனிய முடியவில்லை. மெஷின் வந்த பிறகு, முதல் தடவையாகச் சட்டைகளை மருமகள் கையில் கொடுத்தாள்.

"கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்த்துக்கோம்மா."

"மெஷின் பார்த்துக்கும் அத்தை. நான் என்ன பண்ணப் போறேன்?"

மாமியார் முக்காலியை இழுத்துப் போட்டுக் கதவின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மருமகள் பழக்க தோஷத்தில் பையைத் துழாவி, காலரைத் திருப்பிப் பார்த்தாள்.

காலரில் அழுக்கு இருந்தது.

அலமாரித் தூசி என்று நினைத்துத் துணியால் தட்டினாள். போகவில்லை. தூசி மடிப்பின் மேல்தான் உட்காரும். இது உள்பக்கம், கழுத்து உராய்கிற இடத்தில், வேர்வையும் தோலும் சேர்ந்து படிந்த கோடு. மூன்று சட்டைகளையும் பார்த்தாள். மூன்றிலும் இருந்தது. அவள் தொழில் இது, தப்பாகப் படிக்க முடியாது. யாரோ போட்டிருக்கிறார்கள்.

"என்னம்மா நின்னுட்டே?"

"ஒண்ணுமில்ல அத்தை." சட்டைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினாள். டக்கென்று பூட்டிக்கொண்டது. தண்ணீர் ஏறியது, டிரம் மெதுவாக உருண்டது. கட்டம் போட்ட சட்டையின் கை ஒன்று கண்ணாடியில் வந்து ஒட்டி, மேலே ஏறி, விழுந்தது. மறுபடியும் வந்து ஒட்டியது.

"பாரு, கை காட்டறான்," என்றாள் மாமியார். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மருமகள் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டாள்.

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை.

"என்னங்க, உங்க தம்பி சட்டைய யாரோ போடறாங்க."

"எலி போட்டுட்டு ஆடியிருக்கும்."

"விளையாடாதீங்க. காலர்ல அழுக்கு இருக்கு. எனக்குத் தெரியாதா? அவரு யாருக்கும் தெரியாம வந்துட்டுப் போறாரோ என்னமோ. நாம ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடறோம். அத்தை மத்தியானம் தூங்கிடறாங்க. சாவி அவர்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சில்ல?"

"அவன் வர மாட்டான்."

"எப்படிச் சொல்றீங்க? கோபம் உங்க மேலதானே. அம்மாவப் பார்க்க..."

"வர மாட்டான்னா விடேன்!" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனான். கோபக்காரன்தான், ஆனால் சோற்றின் மேல் கோபம் காட்டுகிறவன் இல்லை. தம்பி பேச்சு வந்தாலே இவருக்குக் குற்ற உணர்ச்சி, என்று அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

மறுநாள் லாட்ஜில் இஸ்திரி போடுகிறவரிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். விஷயத்தைச் சொல்லவில்லை, யார் வீட்டுக் கதையோபோலக் கேட்டாள்.

"ஏண்ணே, போடாத சட்டைல காலர் அழுக்காகுமா?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "போடாத சட்டை மஞ்சளாகும். மடிப்புல கறுக்கும். பூச்சி ஓட்டை போடும். காலர் மட்டும் அழுக்காகாது. அதுக்குக் கழுத்து வேணும்."

"அலமாரிலயே மாட்டியிருந்தா?"

"அலமாரிக்குக் கழுத்து இருக்கா காலரம்மா? என்ன, யாராச்சும் ரூம்காரரு சட்டைய நம்ம ஆளுங்க எடுத்து மாட்டிக்கிட்டுப் போறானுங்களா?"

"இல்லண்ணே. சும்மா கேட்டேன்."

"சும்மா கேட்டா ஏன் முகம் இப்படி வெளுத்துப் போயிருக்கு? போய் ஒரு டீ குடிங்க."

டீ குடித்தாள். குடிக்கக் குடிக்க பயம் கரைந்து வேறொன்று உள்ளே ஏறியது. சந்தோஷம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். அவன் வருகிறான். திருடன் மாதிரி வந்தாலும் சரி, தன் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தன் சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறான். அப்படியென்றால் அவன் உயிரோடு இருக்கிறான், அவளும் தப்பித்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் பெட்டிக்கடையில் புளிப்பு மிட்டாய் வாங்கினாள். அந்த வாரம் துவைத்து இஸ்திரி போட்ட சட்டைகளை அலமாரியில் மாட்டும்போது, கட்டம் போட்ட சட்டையின் பையில் ஒரு மிட்டாயைப் போட்டுவைத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த வாரம் பையில் கை விட்டாள். மிட்டாய் இல்லை. மிட்டாய் சுற்றியிருந்த தாள் மட்டும் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. காலரில் அழுக்கு.

அவள் அந்தத் தாளை முந்தானையில் முடிந்துகொண்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதாள். மாமியார் பதறிப்போய், "என்னம்மா, கை எரியுதா?" என்று கேட்டாள். "ஆமாம் அத்தை," என்றாள். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் மிட்டாய் வைத்தாள், வாரம் தவறாமல் தாள் மடிந்து கிடந்தது. மெஷின் ஓடும்போது இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடிக்குள் சட்டைகள் ஒன்றையொன்று கட்டிப் புரள்வதைப் பார்ப்பார்கள். ஒருத்திக்கு மற்றவளுக்குத் தெரியாத ரகசியம் இருந்தது. இரண்டு பேரின் முகமும் தெளிந்திருந்தது. மெஷின் வந்த நேரம் வீட்டுக்கு நல்ல நேரம் என்றுகூட மாமியார் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டாள்.

கணவன் மட்டும் அந்தப் பக்கமே வரமாட்டான். மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

ஒரு நாள் லாட்ஜில் கொதிகலன் பழுதாகி, மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நல்ல வெயில். தெருவில் ஈ காக்காய் இல்லை. சாவி போட்டுக் கதவைத் திறந்தபோது, சின்னவன் அறையிலிருந்து சத்தம் கேட்டது. நாற்காலி நகர்கிற சத்தம். அப்புறம் ஆம்பிளை இருமுவதுபோல ஒரு கனைப்பு.

"தம்பி," என்று கூப்பிட வந்தவள் வாயை மூடிக்கொண்டாள். கதவு ஒருக்களித்திருந்தது. மெல்லத் தள்ளினாள்.

ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை. உள்ளே அடுப்படிபோலப் புழுங்கியது. அந்த இருட்டில், சுவரைப் பார்த்து நாற்காலியில், கட்டம் போட்ட சட்டை போட்டுக்கொண்டு ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. நீலச் சட்டை அதன் மடியில் இருந்தது.

"யாரு?"

உருவம் திரும்பியது. மாமியார். வேர்த்து வழிந்துகொண்டிருந்தாள். வாய்க்குள் மிட்டாய் உருண்டது.



"அத்தை, என்ன பண்றீங்க இங்க?"

"நீ ஏன் இந்நேரத்துக்கு வந்தே?"

"இது... இதை நீங்கதான் போடறீங்களா?"

மாமியார் சட்டையின் பித்தான்களைக் கழற்றப் பார்த்தாள், அவசரத்தில் வரவில்லை. மருமகள் பக்கத்தில் போய்க் கழற்றிவிட்டாள்.

"அழுக்காகாத துணிய எத்தனை நாளும்மா துவைக்கிறது?" என்றாள் மாமியார். "ஆரம்பத்துல துவைச்சித் துவைச்சி வச்சேன். ஒரு நாள் பார்த்தா, தண்ணி தெளிவா இருக்கு. சோப்பு நுரை வெள்ளையா இருக்கு. இது உயிரோட இருக்கிறவன் துணி இல்லன்னு அந்தத் தண்ணி என்கிட்ட சொல்ற மாதிரி இருந்துச்சு. அன்னிக்குத்தான் போட்டேன். ஜன்னல அடைச்சிட்டு உட்கார்ந்தா அரைமணில வேர்த்துடும். அப்புறம் துவைச்சா தண்ணி கலங்குச்சு. மனசு நிம்மதியாச்சு. பைத்தியக்காரத்தனம்னு எனக்கே தெரியும்."

"பைத்தியம்னு நான் சொல்லல அத்தை."

"ஆனா இப்போ அவன் வர்றாம்மா." மாமியாரின் கண் மின்னியது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். பையில மிட்டாய் வச்சிட்டுப் போறான். எனக்காக. வாராவாரம். நான் தின்னுட்டுத் தாள மடிச்சி வைக்கிறேன், நான் வாங்கிக்கிட்டேன்னு அவனுக்குத் தெரியணும்ல?"

மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பொய்யை விழுங்க அவளால் முடியவில்லை.

"அத்தை, அந்த மிட்டாய் நான் வச்சது."

"நீயா?"

"மூணு சட்டைலயும் காலர் அழுக்கப் பார்த்துட்டு, அவருதான் வந்துட்டுப் போறாருன்னு நெனச்சேன். தாள மடிச்சி வச்சது அவருன்னு நெனச்சேன்."

மாமியார் வாயிலிருந்த மிட்டாயை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தாள். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாதவள்போல, மறுபடியும் வாயில் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் இல்லாத ஒருவனுக்காக மாற்றி மாற்றி வேலை செய்து, ஒருத்தியை ஒருத்தி அவன் என்று நம்பியிருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அழுதார்கள்.

அழுது ஓய்ந்தபின் மாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் அவன் வர்றான்," என்றாள்.

"அத்தை..."

"கேளு. நான் கட்டம் போட்டதையும் நீலத்தையும்தான் போடுவேன். பச்சை விழுந்த சட்டைய நான் தொட்டதே இல்ல. வந்தா போட்டுக்க ஒண்ணு வேணும்னு அத அவனுக்குன்னே வச்சிருக்கேன். சும்மா தண்ணில அலசறதோட சரி. நீ மூணுலயும் அழுக்கு இருந்துச்சுன்னு சொல்றே. அதுல யாரு போட்ட அழுக்கு?"

மருமகள் எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தாள். துவைத்து மாட்டி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. காலரைத் திருப்பினாள். மங்கலாக ஒரு கோடு. மாமியார் குட்டைக் கழுத்துக்காரி, அவள் அழுக்கு காலரின் அடியில் தையலை ஒட்டி விழும். இது மேல் விளிம்பில் இருந்தது, சின்னவனைப்போல நீளக் கழுத்துக்காரனுக்கு விழுகிற இடத்தில். "பழைய கறையா இருக்கும் அத்தை," என்று சட்டையை மாட்டிவிட்டாள். மறு துவையலில் அந்தக் காலருக்கு மட்டும் தனியாகச் சோப்பு தேய்த்தாள். கோடு சுத்தமாகப் போயிற்று. பழைய கறை ஒரே துவையலில் போகாது என்பது அவளுக்குத் தெரியாததா என்ன?

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் அது நடந்தது. மெஷினின் கழிவுநீர்க் குழாய் துளையிலிருந்து நழுவி, சோப்புத் தண்ணீர் தரையெங்கும் ஓடியிருக்கிறது. முக்காலியிலிருந்து எழுந்த மாமியார் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அறுவை முடிந்து கண் விழித்தவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"இந்த வாரம் துவைச்சியா?"

"இல்ல அத்தை. சட்டை சுத்தமா இருக்கு. அழுக்கே ஆகலையே."

மாமியாரின் முகம் வாடிப்போனதை அவளால் பார்க்க முடியவில்லை. நர்ஸ் வந்து, அம்மா சாப்பிட மறுக்கிறாங்க, நீங்க கொஞ்சம் சொல்லுங்க என்றாள். எவ்வளவோ கெஞ்சியும் மாமியார் வாயைத் திறக்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "தண்ணி தெளிவா இருக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் லாட்ஜுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த விரிப்பும் துண்டுகளும் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே மழை வானம், மத்தியானமே அந்தி மாதிரி மங்கியிருந்தது. குளித்துத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டவள், சின்னவன் அறையைத் திறந்தாள். மாமியார் விழுந்த நாளிலிருந்து அவள்தான் அந்த அறைக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். கட்டம் போட்டதும் நீலமும் அவளுக்குத் தோளில் ஏறவில்லை. மாமியார் ஒல்லி. அவளுக்கு ஏறியது கொஞ்சம் தொளதொளவென்றிருந்த பச்சை விழுந்த சட்டைதான். போடுவதற்கு முன் காலரைப் பார்த்தாள். பளிச்சென்று இருந்தது.

சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்பின் முன் நின்றாள். உலை கொதித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கஞ்சி வைத்து, ஆவியில் வேண்டுமென்றே குனிந்து குனிந்து கிளறினாள். வேர்வை கழுத்தில் இறங்கியது. செய்கிற காரியம் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் ஒரு வாய் கஞ்சி உள்ளே போவதற்கு ஒரு காலர் அழுக்காக வேண்டும் என்றால் ஆகட்டுமே.

பின்னால் கதவு திறந்த சத்தம் மெஷின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

"டேய்."

கணவனின் குரல். யாருடனோ போனில் பேசுகிறான் என்று நினைத்தாள்.

"டேய்... நான்தானடா உன்ன மண்ணுக்குள்ள வச்சிட்டு வந்தேன். என் கையாலதானடா மண்ணத் தள்ளினேன். எப்படிடா வந்தே?"

கரண்டி கையில் அப்படியே நின்றது. திரும்பினால் அவன் என்ன ஆவான் என்று பயம், திரும்பாவிட்டால் இன்னும் என்ன சொல்லிவிடுவானோ என்று பயம். கடைசியில் திரும்பினாள்.

அவளைப் பார்த்ததும் அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.

"நீயா... ஏண்டி இதப் போட்ட? ஏண்டி?"

அவள் அடுப்பை அணைத்தாள். அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள். "எப்போங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"அன்னிக்கு அடையாளம் பார்க்கக் கூப்பிட்டாங்கல்ல. அன்னிக்குத்தான். கட்டடத்துக்கு வெளிச்சுவர் பெயிண்ட் அடிக்கும்போது சாரம் சரிஞ்சு விழுந்துட்டான். என் தம்பிய எனக்குத் தெரியாதா? முகத்துல ஒரு காயம் இல்ல. கொடியில இருந்து உருவிட்டுப் போனானே, அதே சட்டை. துவைக்காத சட்டைடி. அழுக்கு அப்பிக் கெடந்துச்சு. துவைக்காதன்னு சொன்னவன் நான்தானே?" அவன் முகத்தைத் துடைக்கக்கூட இல்லை. "அங்கயே முடிச்சிட்டு வந்தேன். வாசல்ல அம்மா நின்னுட்டு இருந்துச்சு. 'அவன் இல்லதானே'ன்னு கேட்டுச்சு. என்கிட்ட வேற என்ன பதில் இருந்துச்சு சொல்லு?"

அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. இத்தனை வருஷமும் இந்தப் பாரத்தை ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டு இவன் தன் பக்கத்தில் படுத்திருக்கிறான் என்பதுதான் நெஞ்சை அறுத்தது. அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பச்சைச் சொட்டுகளின் மேல் அவன் முகம் பதிந்தது. தம்பி சட்டையில் முகம் புதைத்து, அடக்கிவைத்த அத்தனையையும் அவன் அழுது தீர்த்தான். அவளும் அழுதாள். இனி அவன் வரமாட்டான். அவள் முனகிய முனகலுக்கு இனித் தீர்வும் இல்லை.

மெஷின் நின்று, கதவுப் பூட்டு டக்கென்று விடுபட்டது. அவள் எழுந்து விரிப்புகளை எடுத்தாள். சட்டையைக் கழற்றி, பழக்க தோஷத்தில் காலரைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

காலரின் நடுவில் ஈரமாக ஒரு கோடு இருந்தது. அது அவளுடையது, சந்தேகமில்லை. அதற்கு மேலே, ஒரு விரல் தள்ளி, விளிம்பை ஒட்டி இன்னொரு கோடு இருந்தது. ஈரமில்லாமல் நன்றாகக் காய்ந்து படிந்திருந்தது.

திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் முழங்காலில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் குட்டைக் கழுத்துதான், அம்மாவைப்போல. அவனைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் சட்டையை மெஷினுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினாள். பூட்டு விழுந்தது. ஒற்றைச் சட்டை தண்ணீரில் மெல்லப் புரண்டது. அதன் கை கண்ணாடியில் வந்து ஒட்டி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. கீழே தண்ணீர் கலங்கிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கணவன் ஜன்னல் பக்கம் போய் மழையைப் பார்த்து நின்றுகொண்டான். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கஞ்சியைக் கரண்டியில் எடுத்தாள்.

"துவைச்சேன் அத்தை."

மாமியார் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "தண்ணி?"

"கலங்கிடுச்சு. கண்ணாடில பார்த்தேன்."

மாமியார் அவளையே உற்றுப் பார்த்தாள். உடம்புதான் விழுந்திருந்தது, புத்தி விழவில்லை.

"நீ போட்டு வேர்க்க வச்சியா?"

"போட்டேன் அத்தை. உங்ககிட்ட மறைக்க மாட்டேன். பச்சை விழுந்தது."

"அதுதானே பார்த்தேன்." மாமியாரின் கண் மூடிக்கொண்டது. பிறகு மறுபடியும் திறந்தது. "உனக்குத்தான் காலரப் பார்த்தா ஆளு தெரியுமே. உன் அழுக்கு மட்டும்தான் இருந்துச்சா?"

ஜன்னல் ஓரத்தில் கணவனின் முதுகு விறைத்தது. அவள் எத்தனையோ பேருடைய காலரைப் படித்தவள், ஒருதரம்கூட மாற்றிச் சொன்னதில்லை. இப்போதும் மாற்றிச் சொல்லவில்லை.

"இல்ல அத்தை," என்றாள். "சின்னவரும் போட்டிருந்தாரு."

மாமியார் வாயைத் திறந்தாள். அவள் கஞ்சியை ஊட்டினாள்.